நார்மல் வந்தால் கணியம்பாடி

“ஊது” என்றார் ஜியாவுதீன்.

இன்பராஜ் ஊதினான். சூப்பர்வைசர் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து, மீன் வாங்கப் போனவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல ஒரு பக்கமாய்ச் சாய்ந்து முகர்ந்தார்.

“இன்னும் ஜோரா ஊது.”

ஜோராய் ஊதினான். லவங்கமும் வெங்காயப் பச்சடியும் வந்தன. வேறொன்றும் வரவில்லை. ஜியாவுதீனுக்கு அதுதான் பேஜார். வாசனை வந்திருந்தால் ஒரே வார்த்தையில் ஆளை வெளியே அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

“வாசனை வராத சரக்கு ஒண்ணு கிடைக்குதாமே, அதுவா?”

“சத்தியமா நான் குடிக்கல பாய்.”

“அப்ப கை ஏன் இந்த ஆட்டம் ஆடுது? வேர்வை ஏன் தொட்டியில வுழுந்து எழுந்தவன் மாதிரி ஊத்துது? சரி, அதெல்லாம் வுடு. இவ்ளோ பெரிய மீசை வச்சிருக்கேன். என்னைப் பார்த்து ‘அம்மா, தோசை வெந்துச்சா’ன்னு எதுக்குய்யா கேட்ட?”

 அப்படிக் கேட்டது இன்பராஜுக்கு ஞாபகமே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு, தோல் நாற்றத்துக்குப் பிடிப்பதுபோல நடித்தார்கள். இருபது வருஷமாய்த் தோலில் வேலை செய்கிறவர்களுக்குத் தோல் நாறுமா?

ஆம்பூருக்கு வெளியே இருக்கிற அந்தத் தோல் ஷாப்பில் இன்பராஜ் ஷேவிங் மிஷின் ஓட்டுகிறவன். குரோமில் ஊறி நீலமாய் வரும் ஈரத்தோலை மிஷினுக்குள் கொடுத்தால், உள்ளே சுற்றும் கத்தி உருளை சீவிச்சீவி ஒரே கனமாய் வெளியே தள்ளும். கொடுக்கிற கை கொஞ்சம் கோணினால் தோல் கிழியும். நிறைய கோணினால் கையே போகும். அன்றைக்குக் கிழிந்தது தோல்தான். அதுவும் வெளிநாட்டு ஆர்டர் தோல்.

“இன்னொரு தரம் இப்படி ஆச்சு, உனக்கு மிஷின் கிடையாது. உப்பு ரூமுக்குப் போ” என்றார் ஜியாவுதீன்.

உப்பு ரூம் என்பது உப்புப் போட்டு வந்த பச்சைத்தோலை உதறிப் பிரிக்கிற இடம். அங்கே வேலை செய்கிறவன் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு தானாய்க் காலியாகும். இறங்கினால் நாய்கள் மரியாதையாய் வீடு வரைக்கும் கொண்டுவந்து விடும். ஆனால் இன்பராஜ் பயந்தது உப்பு ரூமுக்கு இல்லை. வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற ஒரு பைக்கு.

அது அவன் மனைவி ஆரோக்கியமேரியின் பை. இன்பராஜ் ஒரு காலத்தில் குடித்தவன்தான். சும்மா இல்லை, பேர் சொல்லும்படி குடித்தவன். போன வருஷத்துக்கு முந்தின பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அன்று ராத்திரியே மேரி இரண்டு புடவையைப் பையில் மடித்துப் போட்டு ஆணியில் மாட்டினாள். “இன்னொரு தரம் குடிச்சேன்னு தெரிஞ்சுது, நான் பேசக்கூட மாட்டேன். பைய எடுத்துக்கினு எங்க அக்கா வூட்டுக்கு, கணியம்பாடிக்குப் போயிடுவேன்” என்றாள். அன்றிலிருந்து இன்பராஜ் வீட்டுக்குள் நுழைந்தால் மாதா படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஆணியைத்தான் பார்ப்பான். பை அங்கே இருந்தால் வீடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஷாப்பில் நடந்தது அவனுக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று சாயந்திரம் ஆணியில் பை இல்லை. கட்டில்மேல் இருந்தது.

*

ஷாப்பில் அவன் பேச்சை நம்பிய ஒரே ஆள் அப்துல் வஹாப். தோலை ஊறவைக்கிற ட்ரம் செக்‌ஷனில் இருப்பவர், பழைய சுகர்க்காரர். சுகர் பார்க்கிற சின்ன மிஷினை வெற்றிலைப் பெட்டி மாதிரி எப்போதும் கூடவே வைத்திருப்பார்.

“இது சரக்கு இல்ல தோஸ்த்” என்றார். “மாத்திரை போட்டுக்கினு சோறு லேட்டாச்சுன்னா எனக்கும் இப்படித்தான் கை ஆடும், வேர்க்கும், யாரைப் பார்த்தாலும் அடிக்கணும்போல இருக்கும். உனக்கு சுகர் கம்மி ஆவுது.”

“எனக்கு சுகரே இல்லியே பாய்.”

“அதாம்பா எனக்கும் புரியல. இல்லாதது எப்படி கம்மி ஆவும்?”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அடுத்த வாரமே ஒரு சந்தர்ப்பம் வந்தது. செக்‌ஷனில் ஒருத்தருக்குப் பேரன் பிறந்தான் என்று ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வந்திருந்தது. மத்தியானம் வயிறு முட்டச் சோறு தின்று, மேலே ஒரு சர்க்கரை டீயும் குடித்து மிஷினில் நின்ற இன்பராஜுக்கு, வேலை முடிகிற நேரம் நெருங்க நெருங்க மறுபடியும் கை ஆடத் தொடங்கியது. இந்தத் தடவை அவன் உஷாராய் மிஷினை நிறுத்திவிட்டுத் தரையில் குந்திக்கொண்டான். யாரோ ஒரு நல்ல மனுஷன் ஓடிவந்து ஒரு மக்கன் பேடாவை அவன் கையில் வைத்து, “துன்னு, துன்னு” என்றான். ஜீரா சொட்டச்சொட்ட இன்பராஜ் அதை விழுங்கினான். அப்போதுதான் வஹாப் தன் மிஷினோடு வந்து சேர்ந்தார். அவசரத்தில் அந்தக் கையிலேயே, அந்த விரலிலேயே குத்தி, ரத்தத்தைத் தொட்டு வைத்தார்.

மிஷின் யோசித்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது.

“அடேங்கப்பா!” என்றார் வஹாப். “கம்மி இல்ல தோஸ்த். ஜாஸ்தி. என்னையே தாண்டிட்ட.”

ஷாப்பு முழுக்க ஒரு பெருமூச்சு பரவியது. குடி இல்லையாம், சுகராம். இருக்கிற சுகர்க்காரர்கள் எல்லாம் புதுசாய் வந்த சம்பந்தியை வரவேற்பதுபோல ஒவ்வொருவராய் வந்து கையைப் பிடித்தார்கள். ஒருத்தர் ஆவாரம்பூ என்றார், இன்னொருத்தர் வெந்தயம் என்றார். ஜியாவுதீனே கிட்டத்தில் வந்து, “சுகர்னு முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா? நானும் சுகர்க்காரன்தான்” என்று தோளில் தட்டினார்.

இன்பராஜ் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினான்.

“மேரி! எனக்கு சுகர்! முன்னூத்திப் பன்னெண்டு!”

பத்தாவது பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல வாசலிலிருந்தே கத்தினான். மேரி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “மாதாவே, உனக்குக் கோடி நன்றி” என்று கையெடுத்தாள். புருஷனுக்கு வியாதி வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டோமே என்று அப்புறம்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பை கட்டிலிலிருந்து ஆணிக்குத் திரும்பியது.

அந்த வாரம் முழுக்கப் பாகற்காய். சோறு கைப்பிடி அளவு. டீயில் சர்க்கரை இல்லை. காலையில் கேழ்வரகு அடை, முட்டை. நடுவில் பசித்தால் அவித்த கடலை. இன்பராஜ் முகம் பாகற்காய் மாதிரியே ஆகிவிட்டது. ஆனால் ஒன்று: அந்த வாரம் கை ஆடவில்லை. யாரையும் அவன் அம்மா என்று கூப்பிடவில்லை. வைத்தியம் கேட்கிறது என்று மேரி பெருமைப்பட்டாள்.

*

“லேப்ல ஒரு தரம் ஒழுங்கா பார்த்துட்டு மாத்திரை ஆரம்பி” என்று வஹாப் சொன்னதால்தான் வினை வந்தது.

வெறும் வயிற்றில் ஒரு ரத்தம் எடுத்தார்கள். இட்லி தின்றுவிட்டு வரச்சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று எடுத்தார்கள். சாயந்திரம் ரிப்போர்ட் வாங்கப் போனான். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

“எல்லாம் நார்மல்ணா. வெறும் வயித்துல எண்பத்தாறு, சாப்பிட்டப்புறம் நூத்தி எட்டு. மூணு மாச சராசரியும் நல்லா இருக்கு. உங்களுக்கு சுகரே இல்ல.”

“நல்லாப் பாரும்மா. எங்கியாவது ஓரத்துல கொஞ்சமாவது இருக்கும்.”

“இல்லவே இல்லணா. போய் ஸ்வீட் வாங்கி சாப்பிடுங்க.”

ஊரில் எல்லாரும் நல்ல ரிப்போர்ட் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போகிற இடத்திலிருந்து, நல்ல ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு வெளியே வந்தவன் இன்பராஜ் ஒருத்தனாய்த்தான் இருப்பான். மேரிக்குப் படிக்கத் தெரியும். மறைத்து என்ன பிரயோஜனம்?

அவள் இரண்டு தடவை படித்தாள். “நார்மல்” என்றாள். “அப்ப அந்த முன்னூத்திப் பன்னெண்டு?”

“வஹாப் பாய் மிஷின்ல ஏதோ கோளாறு போல.”

மறுநாள் இதைக் கேட்டு வஹாபுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் மிஷினைச் சொல்லாத! எங்க மருமகன் துபாய்லேர்ந்து கொண்டாந்தது!”

பை ஆணியில்தான் இருந்தது. ஆனால் மேரி போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சுகர் இல்லை என்று ஆனபிறகு பாகற்காய் எதற்கு? பழையபடி சோறு வந்தது, சர்க்கரை டீ வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டுக்கறிக் குழம்பும் மலை மாதிரி சோறும், மேலே சேமியா பாயசமும் தின்றுவிட்டு இன்பராஜ் படுத்தான். வெயில் தாழ எழுந்தான். சட்டை நனைந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தது. டிவி ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, “அலோ, பாய், நான் இன்பராஜ் பேசறேன். தோல் ரெடியா?” என்றான். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராததால் ரிமோட்டைக் கண்டபடி திட்டினான்.

மேரி அவன் எதிரில் வந்து நின்றாள்.

“ஊது” என்றாள்.

ஜியாவுதீன் சொன்னபோது வராத வலி அப்போது வந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஊதினான். வாசனை இல்லை. ஆனால் அவள் நம்பவில்லை. வாசனை வராத சரக்கு விஷயம் அவள் காதுக்கும் வந்திருந்தது. சொன்னபடியே பையை ஆணியிலிருந்து எடுத்தாள். எதற்கோ இருக்கட்டும் என்று மூன்றாவது புடவை ஒன்றையும் திணித்தாள்.

நல்லவேளை, அந்த நேரத்தில் வஹாப் வீட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டார். பையைப் பார்த்தார்.

“தங்கச்சி, ஒரே ஒரு சான்ஸ் குடும்மா. வேலூர்ல எனக்குப் பார்க்கிற டாக்டரம்மாகிட்ட இவனைக் கூட்டிக்கினு போறேன். அவங்க இன்னா சொல்றாங்களோ அதான்.”

மேரி யோசித்தாள். “சரிண்ணா. நானும் வர்றேன். பையும் வரும். அங்கியும் நார்மல்னு வந்துச்சுன்னா நான் ஆம்பூருக்குத் திரும்ப மாட்டேன். வேலூர்லேர்ந்தே கணியம்பாடி பஸ்சு.”

*

டாக்டர் தில்ஷாத் நிதானமான பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தோசை கதைக்குச் சிரிக்கவில்லை. ரிமோட் கதைக்கு மட்டும் பேனாவைக் கீழே போட்டு எடுத்தார்.

“அந்த முன்னூத்திப் பன்னெண்டு பார்த்தப்ப கையில என்ன இருந்துச்சு?”

“மக்கன் பேடா மேடம்.”

“கை கழுவினீங்களா?”

இன்பராஜ் வஹாபைப் பார்த்தான். வஹாப் மின்விசிறியைப் பார்த்தார்.

“அது உங்க சுகர் இல்ல இன்பராஜ். பேடாவோட சுகர்.”

மேரி பையின் கைப்பிடியை இறுக்கினாள்.

“பாகற்காய் சாப்பிட்ட வாரத்துல இந்த நடுக்கம் வந்துச்சா?”

“வரல மேடம்” என்றாள் மேரி, அவனை முந்திக்கொண்டு.

டாக்டர் ஒரு காகிதத்தில் மேடு மாதிரி ஒரு கோடு போட்டார். “சாப்பிட்டா சர்க்கரை ரத்தத்துல ஏறும். அதை இறக்க உடம்பு இன்சுலின்னு ஒண்ணு விடும். சில பேருக்கு அது தேவைக்கு மேல வேலை செய்யும். சோறும் இனிப்பும் நிறைய போனா, முதல்ல சரசரன்னு ஏறும், அப்புறம் சரசரன்னு கீழ போயிடும். சாப்பிட்டு மூணு நாலு மணி நேரம் கழிச்சுதான் இந்தப் பள்ளம் வரும். நீங்க லேப்ல கடைசியா ரத்தம் குடுத்தது ரெண்டாவது மணியில. அப்ப இன்னும் மேட்டுலதான் இருந்தீங்க. ரிப்போர்ட் தப்பு இல்ல. பார்த்த நேரம்தான் வேற.”

இன்பராஜுக்கு விளங்கியது. தோலுக்குக் கனம் பார்க்கும்போது கழுத்துப் பக்கம் மட்டும் கேஜ் வைத்து ‘சரி’ என்று எழுதினால் ஜியாவுதீன் விடமாட்டார். வயிற்றுப் பக்கமும் வைத்தால்தான் எங்கே மெலிசு என்று தெரியும்.

“லோடை இறக்கச் சொன்னா லாரியையே கவுத்துட்டானுங்க, அதானே மேடம்?”

“அதேதான்” என்றார் டாக்டர். “ஆனா இது என் சந்தேகம்தான். நடுக்கம் வர்ற அதே நேரத்துல ரத்தத்துல சுகர் கம்மியா இருக்கணும், சாப்பிட்டதும் சரியாகணும். அதை நம்ம கண்ணால பார்த்தாதான் நான் எழுதித் தர முடியும். வியாழக்கிழமை காலையில வெறும் வயித்துல வாங்க. எதைச் சாப்பிட்டா உங்களுக்கு நல்லா வருமோ அதையே இங்க கொண்டுவந்து சாப்பிடுங்க. அஞ்சு மணி நேரம் உக்காந்து பார்ப்போம்.”

“பிரியாணி சாப்பிட்டா கண்டிப்பா வரும் மேடம்.”

“அப்ப பிரியாணி.”

ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையைக் கேட்டு வஹாபுக்குக் கண் கலங்கியது. பதினோரு வருஷமாய் அதே டாக்டர் அவருக்கு ஓட்ஸ்தான் எழுதுகிறார்.

பைக்கு வியாழன் வரை வாய்தா கிடைத்தது.

*

விடியற்காலையில் பிரியாணிக்கு எங்கே போவது? வஹாபின் மச்சான் கல்யாணச் சமையல்காரர். அன்றைக்கு ஒரு கல்யாண வேலை இருந்தது. பஜ்ரு தொழுகை முடிந்து அண்டா திறந்ததும் முதல் கரண்டி இன்பராஜின் கேரியரில் விழுந்தது. கூடவே கத்திரிக்காய் பச்சடி, வெங்காயப் பச்சடி, ரெண்டு துண்டு பிரெட் அல்வா. வேலூர் பஸ்ஸில் அந்தக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் வஹாப். அவருக்கும் அன்றுதான் வெறும் வயிற்று டெஸ்ட். பள்ளிகொண்டா வருவதற்குள் பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். வஹாப் மட்டும் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியபடியே வந்தார்.

மேரி பையோடு தனியாய் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். 

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெஞ்சு நிறைய சுகர்க்காரர்கள். ராத்திரியிலிருந்து பட்டினி, பச்சைத்தண்ணீரோடு வந்து ரத்தம் கொடுக்கக் காத்திருக்கிறவர்கள். லேப் பெண் ஷர்மிளா இன்பராஜுக்கு முதல் ரத்தம் எடுத்தாள். எண்பத்துநாலு. “நீங்க சாப்பிடலாம்ணா” என்றாள்.

இன்பராஜ் கேரியரைத் திறந்தான்.

வராந்தா முழுக்க வாசனை பரவியது. முதலில் மூக்குகள் திரும்பின, பிறகு தலைகள். கலவை என்கிற ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருத்தர் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

“இன்னாம்மா அநியாயம் இது? நாங்க எச்சில்கூட முழுங்காம குந்திக்கினு இருக்கோம், இந்த ஆளு கறி கடிக்கிறான்!”

“டாக்டர் எழுதிக் குடுத்ததுங்க” என்றான் இன்பராஜ், வாய் நிறைய.

“எந்த டாக்டர்?”

“தில்ஷாத் மேடம்தான்.”

“எனக்கும் அவங்கதானேய்யா! எனக்கு மட்டும் கஞ்சி எழுதினாங்க!”

ஷர்மிளா வந்து சமாதானம் சொல்வதற்குள் போதும்போதும் என்றாகிவிட்டது. கடைசியில் இன்பராஜ் சுவர்ப்பக்கம் திரும்பி, கல்யாண வீட்டில் அழைப்பில்லாமல் வந்தவன் மாதிரி வேகவேகமாய்த் தின்று முடித்தான். அல்வாவையும் விடவில்லை.

முதல் மணிக்கு நூற்று எழுபத்தாறு. இரண்டாவது மணிக்கு நூற்று இருபத்தொன்று. “நார்மல்” என்றாள் ஷர்மிளா. மேரி தரையில் இருந்த பையை மடிக்கு மாற்றினாள். தெருமுனையில்தான் பஸ் நிற்கிற இடம். “கணியம்பாடி, கண்ணமங்கலம், போளூர்!” என்று கண்டக்டர் கத்துவது உள்ளே வரைக்கும் கேட்டது. மூன்றாவது மணிக்கு எழுபத்தெட்டு. “இதுவும் நார்மல்தான்.” மேரி புடவைத் தலைப்பைச் சரிசெய்து எழ ஆயத்தமானாள். இன்பராஜ் தன் கையை நீட்டிப் பார்த்தான். பாழாய்ப்போன கை, கல்லில் செதுக்கியதுபோல அசையாமல் இருந்தது. வேண்டாதபோதெல்லாம் ஆடுகிற கைக்கு இன்றைக்கு என்ன வந்தது?

“மாதாவே, கொஞ்சம் ஆட்டேன்” என்று வேண்டினான்.

மாதா கேட்டாளோ, அல்வா கேட்டதோ, கொஞ்ச நேரத்தில் நெற்றியில் ஒரு வேர்வை முத்து அரும்பியது. அப்புறம் கழுத்து. அப்புறம் விரல்கள் ஆடின. நெஞ்சு படபடவென்று அடித்தது. அவன் சந்தோஷத்தில் ஷர்மிளாவைக் கூப்பிட வாயைத் திறந்தான். அவள் உள்ளே ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தை போட்ட கூச்சலில் இவன் குரல் எடுபடவில்லை.

ஆனால் டாக்டரைப் பார்க்க இன்னும் காத்திருந்த கலவைப் பெரியவர் பார்த்துவிட்டார். பழைய சுகர்க்காரர், ஆடுகிற கையைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்தவர். காலையில் போட்ட சண்டையை எல்லாம் மறந்து, இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார்.

“தம்பி, லோ ஆவுது உனக்கு. வாயைத் திற!”

இன்பராஜ் வாயை மூடிக்கொண்டான். பேடா கதை மூளையின் எந்த மூலையிலோ மிச்சம் இருந்தது. இனிப்பு உள்ளே போனால் நம்பர் ஏறும், நம்பர் ஏறினால் நார்மல், நார்மல் என்றால் கணியம்பாடி.

“திறடா வாயை!”

“ம்ம்ம்ம்!”

பெரியவர் தாடையைப் பிடித்தார். இன்பராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். வாயைத் திறந்து ஊது ஊது என்று ஊரே கேட்டபோதெல்லாம் திறந்து காட்டியவன், இன்றைக்குத் திறந்தால் வீடு போய்விடும் என்பதுபோல இறுக்கிக்கொண்டான்.

மேரி பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து இந்த மனுஷன் அவள் கண்ணைவிட்டு நகரவில்லை. கக்கூஸுக்குப் போனபோதுகூட வஹாப் அண்ணன் வாசலில் நின்றார். உள்ளே போனது பிரியாணியும் தண்ணீரும்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த அதே வேர்வை, அதே கண், அதே நடுக்கம். நம்பர் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மடியிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் ஓடிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்தாள்.

“குடுக்காதீங்கய்யா! குடுத்தா ரிசல்ட் கெட்டுடும்! ஷர்மிளா! ஏம்மா ஷர்மிளா! ஓடியா!”

ஷர்மிளா ஊசியோடு ஓடிவந்தாள். மேரி அதற்குள் அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய், சோப்பு போட்டு, விரல் விரலாய்க் கையைத் தேய்த்துக் கழுவித் தன் தலைப்பால் துடைத்தாள். “பேடா கதை இன்னொரு தரம் வேணாம்” என்றாள். இன்பராஜ் அவளைப் பார்த்து, “ஜியாவுதீன் பாய், தோசை திருப்பிப் போடுங்க, கருகுது” என்றான்.

“போடறேன்யா, போடறேன்” என்றாள் மேரி. 

நரம்பில் ஒரு ரத்தம் எடுத்தார்கள், விரலில் ஒன்று. மிஷின் நாற்பத்தாறு காட்டியது. டாக்டரே எழுந்து வந்துவிட்டார். குளுக்கோஸ் தண்ணீரை வாயில் வைத்தபோதும் இன்பராஜ் திறக்க மறுத்தான். “எடுத்தாச்சு, எடுத்தாச்சு, இப்பத் திறக்கலாம்” என்று நாலு பேர் சேர்ந்து சொன்னபிறகுதான் குடித்தான்.

கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. மறுபடி பார்த்தார்கள், தொண்ணூற்றுநாலு.

“அப்ப எவ்ளோ இருந்துச்சு?” என்று முதலில் கேட்டான்.

“நாப்பத்தாறு.”

“நார்மலா?”

“நார்மல் இல்ல” என்றார் டாக்டர்.

இன்பராஜ் இரண்டு கையையும் மேலே தூக்கினான். “ஃபெயில்! மேரி, நான் ஃபெயில்!”

கலவைப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்லக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தார். “ஏன் தம்பி, எனக்கு எவ்ளோ கஞ்சி குடிச்சாலும் இருநூறுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. உனக்கு நாப்பத்தாறுக்கு இறங்கிடுச்சே. இன்னா துன்ன?”

வராந்தா முழுக்க காலிக் கேரியரைப் பார்த்தது.

“பிரியாணிங்க.”

பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எந்தக் கடை?” என்றார்.

*

டாக்டர் சொன்னது பெரிய வைத்தியம் இல்லை. ஒரேயடியாய்ச் சோற்றை அடைக்காமல் பிரித்துப் பிரித்துத் தின்பது. சோறு கொஞ்சம், கறியோ முட்டையோ பருப்போ காயோ நிறைய. வெறும் வயிற்றில் சர்க்கரை டீ கூடாது. நடுவில் கடலை. நடுக்கம் வந்தால் மட்டும் குளுக்கோஸ், அதன் பின்னாலேயே ஏதாவது சாப்பாடு. சும்மா சும்மா இனிப்பு தின்றால் அதுவே மறுபடி கீழே தள்ளும். “பாகற்காய் வாரத்துல மேரி செஞ்சாங்களே, அதேதான். பாகற்காய் மட்டும் உங்க இஷ்டம்” என்றார். இது எதனால் வருகிறது என்று பார்க்க இன்னும் இரண்டு டெஸ்ட் இருக்கிறது, அடுத்த மாதம் வரச்சொன்னார். ஜியாவுதீனுக்குத் தானே போன் செய்து சொல்வதாகவும் சொன்னார்.

வெளியே வந்தார்கள். தெருமுனையில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கையில் பையோடு வருகிற பெண்ணைப் பார்த்ததும் கண்டக்டர் இறங்கிவந்தார்.

“கணியம்பாடியாக்கா? ஏறு, ஏறு, சீட்டு இருக்கு.”

மேரி நின்றாள். இன்பராஜ் எட்டிப் பையின் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். 

“இல்லப்பா” என்றாள் அவள். “ஆம்பூர்.”

ஆம்பூர் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முன்சீட்டில் வஹாப். வண்டி கிளம்பியதும் மேரி பைக்குள் கையை விட்டாள். மூன்று புடவைக்கும் அடியிலிருந்து ஒரு டப்பா வந்தது. உள்ளே இரண்டு அவித்த முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை.

இன்பராஜ் திகைத்துப் பார்த்தான். “இதை எப்ப வச்ச?”

“காலையில.”

“அப்ப நீ என்னை நம்பியிருக்க.”

“முட்டை நம்புச்சு. புடவை நம்பல” என்றாள் மேரி. தோலை உரித்து ஒரு முட்டையை எடுத்தாள். “வாயைத் திற.”

பழக்கதோஷம். இன்பராஜ் வாயைத் திறந்து அவள் முகத்தில் ஊதினான்.

மேரி முட்டையும் கையுமாய்ச் சிரித்தாள். நிறுத்தி நிறுத்தி, மறுபடி மறுபடி சிரித்தாள். முன்சீட்டிலிருந்து வஹாப் திரும்பினார்.

“தோஸ்த், இந்தப் பக்கமும் ஒரு தரம் ஊதேன்” என்றார். “காலையில அந்தப் பிரியாணியைச் சுமந்துக்கினு வந்தவன் நானு. வாசனையாவது குடு.”